இருக்கையை நகர்த்தியவர்

இரவு வெகுநேரம் கழித்து வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு நாளுக்கு அமர்த்திய ஆக்டிங் டிரைவர். மறுநாள் காலை உழவர் சந்தைக்குப் போக ஏறி உட்கார்ந்தேன். கால் கிளட்ச்சை எட்டியது. கண்ணாடியில் பின்னால் வரும் தெரு சரியாகத் தெரிந்தது. தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. இருக்கை நான் எப்போதும் வைத்திருக்கும் இடத்திலேயே இருந்தது.

அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். முந்தைய நாள் விடியற்காலையில் ஏறியதும் இருக்கைக்கு அடியில் கையை விட்டுக் கம்பியை இழுத்து, டக் டக் டக்கென்று பின்னால் தள்ளிக்கொண்டார். முதுகுச் சாய்மானத்தைக் கொஞ்சம் சாய்த்தார். மூன்று கண்ணாடிகளையும் தன் கண்ணுக்குத் திருப்பினார். பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருச்சியிலிருந்து ராஜபாளையம் போய், கல்யாணச் சாப்பாட்டை முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினோம். இறங்கும்போது எத்தனை பல் பின்னால் போனதோ அத்தனை பல் முன்னால் தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடிகளும் அப்படியே. அந்த வண்டியை இன்னொருவர் ஒரு நாள் முழுக்க ஓட்டினார் என்பதற்கு மீட்டரைத் தவிரச் சாட்சி கிடையாது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கோ அது மனதை விட்டுப் போகவில்லை. காரணம், வழியெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டு போனது எந்த வண்டி வைத்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதைத்தான். பேச்சைத் தொடங்கியது நான். விராலிமலை தாண்டியதும் ஒரு பெரிய வெள்ளை வண்டி விளக்கை அடித்து அடித்து எங்களை ஒதுங்கச் சொல்லிக் கடந்து போனது. “இந்த வண்டி வாங்கினாலே இப்படி ஆயிடுவாங்களா, இல்ல இப்படிப்பட்டவங்கதான் இந்த வண்டி வாங்குறாங்களா?” என்றேன். அவர் சிரித்துவிட்டு, தான் ஓட்டிய வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

“டாக்டர் வண்டியைச் சுலபமா கண்டுபிடிச்சிரலாம் சார். எந்நேரம் வந்தாலும் ரிவர்ஸ் எடுத்துத்தான் விடுவாங்க. வண்டி மூக்கு ரோட்டைப் பார்த்தே நிக்கும். அவசரம்னா கிளம்பணும்ல.” ஓய்வு பெற்ற வங்கிக்காரர் வண்டியில் டேஷ்போர்டைத் திறந்தால் முதல் சர்வீஸ் பில்லிலிருந்து தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கும், பஞ்சர் ஒட்டிய துண்டுச் சீட்டுகூட இருக்கும். வாத்தியார்கள் கிளட்ச்சில் வைத்த காலை எடுக்க மாட்டார்கள். பிளேட் சீக்கிரம் போய்விடும். மனை வாங்கி விற்பவர்களுக்கு வண்டி உயரமாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும், நம்பரின் கூட்டுத்தொகை சொல்லி வைத்த எண்ணாக வர வேண்டும். “அந்த நம்பருக்குக் குடுத்த காசுல நான் ஒரு பழைய வண்டியே எடுத்திருப்பேன் சார்.”

அவர் சொன்னதில் ஒரு வீடு என்னைப் பிடித்துக்கொண்டது. மகன் அமெரிக்காவில். அப்பா அம்மாவுக்காக உயரமான, விலை கூடிய வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். இருவருக்கும் ஓட்டத் தெரியாது. பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க மாதம் இரண்டு முறை இவரைக் கூப்பிட்டு ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று போய் வரச் சொல்வார்கள். கோயிலுக்குப் போகும்போது அந்த அம்மாவால் படியில் கால் வைத்து ஏற முடியாது. டிக்கியில் எப்போதும் ஒரு சின்ன ஸ்டூல் கிடக்கும். இவர் இறங்கி, ஸ்டூலைப் போட்டு, அம்மா ஏறியதும் அதை எடுத்து மறுபடி டிக்கியில் வைத்துவிட்டு வந்து உட்காருவார். அந்த வண்டி யாரைப் பற்றிச் சொல்கிறது? ஏறுகிறவரைப் பற்றியா, ஓட்டுகிறவரைப் பற்றியா? இரண்டு பேருமே அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தவர் அதில் உட்காருவது வருடத்தில் சில நாள். அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அம்மாவுக்குப் பாதுகாப்பாக, பெரிதாக, நல்லதாக ஒன்று என்று அங்கே உட்கார்ந்து திரையில் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்திருப்பார். முழங்கால் உயரம் மட்டும் அந்தத் திரையில் தெரிந்திருக்காது.

என் வண்டியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் அவர் என்னத்தைக் கண்டுபிடித்திருப்பார்? நீல நிறத்தில் நீண்ட டிக்கி வைத்த செடான் ஒன்று வேண்டும் என்றுதான் நான் ஆரம்பித்தேன். மகள் பாதுகாப்புக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டாள். 2014 தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் பரவலாக விற்ற சிறிய கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தபோது ஐந்துமே பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கின. அதற்கு முன்பு நம் ஊரில் யாரும் ஷோரூமில் இப்படி ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. மைலேஜ் கேட்போம், அவ்வளவுதான். மைத்துனர் மறுவிற்பனை மதிப்பைச் சொன்னார். மாமியாருக்கு முழங்கால் வலி. தாழ்ந்த வண்டியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இருவர் வேண்டும். அத்தோடு செடான் போயிற்று. வீட்டு கேட்டின் அகலம் இன்னும் சில வண்டிகளை ஒதுக்கியது. ஆடி கழியட்டும் என்றார்கள். ஆவணி பிறந்து ஷோரூமுக்குப் போனால் நீலத்துக்குக் காத்திருக்க வேண்டும், வெள்ளை கையில் இருக்கிறது என்றார்கள். வெள்ளை வந்தது.

தெருவில் போகிறவர் யாராவது அதைப் பார்த்து, “அடக்கமான மனுஷன், ஆடம்பரம் பிடிக்காது போல” என்று நினைக்கக்கூடும். அந்த அடக்கம் மாமியாரின் முழங்காலுடையது, கேட்டின் அகலத்துடையது. அந்த வண்டியில் முழுக்க முழுக்க நானே எடுத்த முடிவு எது என்று தேடிப் பார்த்தால், இருக்கையை எந்தப் பல்லில் நிறுத்துவது என்ற ஒன்றுதான் தேறுகிறது. அதைத்தான் அந்த மனிதர் தொட்டுவிட்டு, தொட்ட தடம் தெரியாமல் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் சிறுவயதில் இந்த ஒரு முடிவுகூட ஓட்டுகிறவர் கையில் முழுசாக இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே புளியமரத்தடியில் வாடகை அம்பாசடர்கள் வரிசையாக நிற்கும். முன்னால் தனித்தனி இருக்கை கிடையாது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை ஒரே பெஞ்ச். கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் நடுவில் கால் வைக்க இடம் இருந்தது. கல்யாணம், மொட்டை, துக்கம் எதுவானாலும் அந்தப் பெஞ்சில் டிரைவரோடு மூன்று பெரியவர்கள், மடியில் குழந்தைகள். பையன்கள் என்றால் டிரைவருக்கு ஒட்டினாற்போல. நான் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் பாதி உடம்பைக் கதவின் மேல் சாய்த்து, வலது தோளை வெளியே விட்டுக்கொண்டு ஓட்டுவார். கியர் மாற்றும்போதெல்லாம் அவர் முழங்கை என் காதில் இடிக்கும். குள்ளமான ஒருவர் இருந்தார். முதுகுக்குப் பின்னால் மடித்த போர்வை வைத்துக்கொள்வார். கூட்டம் ஏறியதும் முதலில் இடம் இழப்பது அந்தப் போர்வைதான். அன்றைக்கு இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, எட்டி எட்டி மிதித்துக்கொண்டு வருவார். அது அவர் வண்டிகூட இல்லை. முதலாளி பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார்.

அந்தக் காலத்திலும் பெரியவர்கள் வண்டியை வைத்து ஆளைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அம்பாசடர் என்றால் கலெக்டர், எம்.எல்.ஏ., அரிசி ஆலைக்காரர். ஃபியட் என்றால் தானே ஓட்டிக்கொள்ளும் வக்கீல் அல்லது டாக்டர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றால் கொஞ்சம் ரசனைக்காரர், மெட்ராஸில் படித்தவர். எங்கள் ஊர்க் கல்லூரி முதல்வர் ஒருவர் ஹெரால்டு வைத்திருந்தார். அவர் ஆங்கிலக் கவிதை வாசிப்பவர் என்பதை அந்த வண்டியே சொல்கிறது என்று அப்பா சொல்வார். அவர் கணிதப் பேராசிரியர்.

பின்னாளில் யோசித்தால் இந்தப் படிப்பு எவ்வளவு ஆட்டம் காண்கிறது! கல்கத்தாவில் டாக்ஸி என்றால் மஞ்சள் அம்பாசடர். பம்பாயில் கறுப்பும் மஞ்சளுமான பிரீமியர் பத்மினி. கல்கத்தாக்காரர் நிதானி, பம்பாய்க்காரர் சுறுசுறுப்பானவர் என்று இதற்கு விளக்கம் சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். அம்பாசடர் உருவானது கல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவில். பத்மினி உருவானது பம்பாயின் குர்லாவில். ஹெரால்டு உருவானது நம் வண்டலூர்ப் பக்கம். அவரவர் ஊருக்குப் பக்கத்தில் எது கிடைத்ததோ அது ஓடியது. உதிரிபாகமும் மெக்கானிக்கும் அங்கேதான் இருந்தார்கள். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஒருவரிடம் எந்த வண்டி இருக்கிறது என்பதைவிட, எத்தனை வருடம் பொறுத்திருந்தார் என்பதுதான் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கும். 2014இல் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. 2023 அக்டோபரில் மும்பைத் தெருக்களிலிருந்து கடைசி பத்மினி டாக்ஸியும் விடைபெற்றது. அதோடு அந்தக் குணவிளக்கங்களும் போய்ச் சேர்ந்தன. ஊர்க்காரர்களின் குணம் மட்டும் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இருக்கைக்கே திரும்பி வருகிறேன். ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு காரைப் பற்றி எழுதிய சின்னக் கட்டுரையை எப்போதோ படித்திருக்கிறேன். 1955இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோன் நிறுவனம் டி.எஸ். என்ற வண்டியைக் காட்டியது. பழைய காலத்துப் பேராலயங்களுக்கு இருந்த இடம் இன்று கார்களுக்கு என்கிற மாதிரி அவர் தொடங்குவார். அந்தப் பெரிய வாதம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. மறக்காதது, கண்காட்சிக்கு வந்த கூட்டத்தை அவர் பார்த்த விதம். யாரும் தள்ளி நின்று ரசிக்கவில்லை. தகட்டைத் தடவினார்கள், மெத்தையை அழுத்தினார்கள், இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். வானத்திலிருந்து இறங்கியதுபோல் இருந்த வண்டி, இத்தனை பேர் உட்கார்ந்து எழுந்ததும் நடுத்தர வர்க்கத்தின் சாமானாகிவிட்டது என்று முடிப்பார் என்று ஞாபகம். நம் ஷோரூம்களிலும் அதேதான். விலை கேட்பதற்கு முன்பு உட்கார்ந்து பார்ப்பார்கள். விற்பனைப் பையன் ஓடிவந்து இருக்கையை நகர்த்திக் கொடுப்பான். ஒவ்வொருவரும் தனக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் ஓட்டுவதுபோலப் பாவனை செய்துவிட்டு அப்படியே எழுந்து போவார்கள். திருப்பி வைப்பவர் யாருமில்லை. அது யாருடைய வண்டியும் இல்லையே.

விலை கூடிய கார்களில் இந்த வேலைக்கு ஒரு பொத்தானே உண்டு. கதவில் 1, 2 என்று எண்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியபடி இருக்கையை அமைத்து 1-இல் பதிந்துவிட்டால், அடுத்த முறை அதை அழுத்தியதும் இருக்கை தானாக நகர்ந்து அந்த இடத்துக்கு வந்து நிற்கும். சிலவற்றில் கண்ணாடிகளும் சேர்ந்து திரும்பும். அன்று டிரைவரோடு இதைப் பற்றியும் பேச்சு வந்தது. “ஒண்ணு சாருக்கு, ரெண்டு மேடத்துக்கு. நம்மளுது எதுலயும் இருக்காது. ஏறுனா அமைச்சுக்கணும், இறங்குனா அழுத்தி விட்டுரணும்” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். என் வண்டியில் அந்தப் பொத்தான் இல்லை. இருந்திருந்தால் நான் எதையும் கவனித்திருக்கவே மாட்டேன்.

வண்டி ஆளைப் பற்றிச் சொல்வது என்று வந்துவிட்டதால் டாடாவின் நானோ காரையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கூட்டரில் கணவன், மனைவி, குழந்தைகள் என்று நெருக்கியடித்துப் போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் பிறந்தது என்று ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரியில் டெல்லியில் காட்டினார்கள், 2009இல் ஒரு லட்ச ரூபாய் என்ற அடிப்படை விலையோடு விற்பனைக்கு வந்தது. பத்து வருடத்துக்குள், 2018இல், தயாரிப்பு ஏறக்குறைய முடிந்துபோயிற்று. மேற்கு வங்கத்துச் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்குத் தொழிற்சாலை மாறியது, சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி, என்று காரணங்கள் பல. ஆனாலும் மலிவான கார் என்ற பெயர்தான் அதை அதிகம் சாய்த்தது என்பதை டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார். எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருந்தார். மழையில் மனைவியும் பிள்ளைகளும் நனையாமல் போனார்கள். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வண்டியை ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவார். தன்னைப் பற்றி வண்டி சொல்வது பொய் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அதை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ராஜபாளையத்திலிருந்து திரும்பி வரும்போது மேலூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். “உங்களுக்குன்னு ஒரு வண்டி எடுக்கலாம்னா எதை எடுப்பீங்க?” என்று டிரைவரிடம் கேட்டேன். இத்தனை வண்டி ஓட்டிய கை, யாருடைய முழங்காலும் குறுக்கே வராத ஒரு தேர்வு. என்ன சொல்வார் என்று ஆவலாக இருந்தது.

“ஆம்னி சார். செகண்ட்ல நல்லதா ஒண்ணு” என்றார் யோசிக்காமலே.

“ஆம்னியா?”

“வீட்டுல ஆடு வளக்குறாங்க. தழை ஏத்தணும். டிவிஎஸ் எக்ஸல்ல எவ்வளவுதான் கட்டுறது?”

ஆம்னி 1984இல் வந்த வண்டி. 2019இல் தயாரிப்பு நின்றது. நம் சினிமாவில் அது வந்து நின்று பக்கக் கதவு சறுக்கித் திறந்தால் யாரையோ கடத்தப்போகிறார்கள் என்று அர்த்தம். தெருவிலோ அதே வண்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது, பூக்கூடை ஏற்றியது, சின்ன ஊர்களில் ஆம்புலன்ஸாக ஓடியது. எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில். வெயில் காலத்தில் ஓட்டுகிறவருக்குக் கீழிருந்து சூடு ஏறும்; இருக்கையைப் பெரிதாகப் பின்னால் தள்ளவும் இடமிருக்காது. அவர் உயரத்துக்கு முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டும். அவருக்கு இது தெரியாமல் இருக்காது. சொந்தமாக ஒரு வண்டி என்று நினைத்தபோதும் தன் கால் நீட்ட இடமிருக்கிறதா என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. கணக்கில் வந்தது ஆடுகளுக்குத் தழை.

இந்த இடத்தில் கட்டுரையை அழகாக முடித்துவிடலாம் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். தேர்ந்தெடுத்த வண்டியில் மனிதர் தெரிவதில்லை, தேர்ந்தெடுக்காத வண்டியை எப்படித் திருப்பிக் கொடுக்கிறார் என்பதில் தெரிகிறார் என்று ஒரு வரி எழுதிவைத்தேன். எழுதிய வரி நன்றாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் தெருவுக்கு வரும் இன்னொரு டிரைவரிடம் இருக்கை விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவில்லை. “அது தொழில் சார். சீட்டை மாத்தி விட்டுட்டுப் போனா காலையில ஓனருக்கு எரிச்சலா இருக்கும். அடுத்த தடவை வேற ஆளைக் கூப்பிடுவாங்க. பழக ஆரம்பிக்கும்போதே சொல்லிக் குடுத்துருவாங்க.”

ஆக, அது பண்பா, பழக்கமா, அடுத்த அழைப்புக்கான முன்யோசனையா? யாரோ ஒரு முதலாளி எப்போதோ கத்தியதன் தழும்பாகவும் இருக்கலாம். இருக்கையின் பற்களைப் பார்த்து ஒருவரின் உள்ளத்தை நான் படிப்பதற்கும், ஹெரால்டைப் பார்த்து அப்பா ஆங்கிலக் கவிதையைக் கண்டுபிடித்ததற்கும் என்ன வித்தியாசம்? அவரையே கேட்டுவிடலாம், எண் இருக்கிறது. ஆனால் “ஏன் சீட்டைத் திருப்பி வெச்சீங்க?” என்று ஒருவரைத் தொலைபேசியில் கேட்டால், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றுதான் முதலில் பதறுவார். அந்தப் பதற்றத்தோடு வரும் பதிலும் உண்மையாக இருக்காது.

இதற்கிடையில் மைத்துனர் மகன் முதல் வண்டி எடுக்கப் போகிறான். சென்னையில் வேலை. பெட்ரோலா மின்சாரமா, என்ன நிறம் என்று தினமும் படம் படமாக அனுப்புகிறான். “மாமா, எனக்கு எது செட் ஆகும்?” என்று கேட்கிறான். முன்பானால் இரண்டு பெயர் சொல்லியிருப்பேன். இப்போது, “அதுல யாரெல்லாம் உக்காரப் போறாங்க?” என்று திருப்பிக் கேட்டேன்.

“இப்போதைக்கு நான் மட்டும்தான் மாமா. அப்புறம் யாருன்னு இப்ப எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. ஏழு வருடக் கடனில் எடுக்கிறான். அதற்குள் கல்யாணம் ஆகலாம், குழந்தை வரலாம், அவன் அப்பாவுக்கும் முழங்கால் வலி வரலாம், அவனே வேறு ஆளாக மாறிவிடலாம். இன்றைய அவனுக்குப் பொருந்துவதை எடுக்கச் சொல்வதா, இனி வரப்போகிறவர்களுக்கு இடம் விட்டு எடுக்கச் சொல்வதா? முதலாவது தன்னலம் என்றும் இரண்டாவது பெருந்தன்மை என்றும் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நீல நிறத்தில் அந்தச் செடானை நான் எடுத்திருந்தால் வீட்டில் யாருக்கு என்ன குறைந்திருக்கும் என்றும் சில சமயம் தோன்றுகிறது. மாமியாரை எழுப்பிவிட இருவர் இருந்துகொண்டுதானே இருந்தோம். பிள்ளைக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.